எந்தப் பக்கம் என்று கேட்ட பையனுக்குப் பதில் சொல்லுங்கள்

மழை சற்று விட்டிருந்த ஒரு மாலை. தாராவி 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், இந்த இதழை வாசகர் வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் மோட்டார் சைக்கிளின் இஞ்சினை இறக்கி வைத்திருந்தார்கள். கியர் பாக்ஸில் சத்தம். ஃபுல் இஞ்சின் வேலை. கிராங்க் கேஸ் இரண்டாகப் பிரிந்து கோணிச் சாக்கின் மேல் கிடந்தது. பட்டறைப் பையன் ஒருவன், பத்தொன்பது வயதிருக்கும், புதுப் பேரிங்கை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு பக்கம் கறுப்பு ரப்பர் மூடி; மறுபக்கம் குண்டுகள் தெரிந்தன. மேஸ்திரியிடம் கேட்டான்: "அண்ணே, மூடி உள்ள பாக்கணுமா, வெளிய பாக்கணுமா?"

மேஸ்திரி நிமிரவில்லை. "எப்படிப் போட்டாலும் சுத்தும்லே. அடிச்சு எறக்கு."

பையன் பழைய இரும்புத் துண்டு ஒன்றை வைத்து நாலு அடி அடித்தான். பேரிங் இறங்கியது. அன்றிரவே வண்டி ஓடியது. ரசீது கேட்டோம், துண்டுச் சீட்டில் 'இஞ்சின் வேலை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

ஐந்தாவது வாரம், சயான்–டிராம்பே சாலையில், செம்பூரைத் தாண்டுமுன் அந்த வண்டியின் பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொண்டது. ஓட்டிச்சென்ற தம்பி கிளட்சை இறுகப் பிடித்திருக்கிறார். பயனில்லை. வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் விழுந்தது. பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் சரியான நேரத்தில் பிரேக் போட்டதால் இன்று தம்பி தோள்பட்டைக் கட்டோடு வீட்டில் இருக்கிறார். இல்லையென்றால் இந்தப் பக்கத்தில் இரங்கல் செய்திதான் வந்திருக்கும்.

மாட்டுங்காவில் வேறொரு மெக்கானிக் இஞ்சினைப் பிரித்துக் காட்டினார். கியர் பாக்ஸின் வெளியேறு தண்டைத் தாங்கும் பேரிங் அது. ரப்பர் மூடி உள்பக்கம், எண்ணெய் வரும் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது. குண்டுகள் நீலம் பாரித்திருந்தன. அவற்றை இடைவெளிவிட்டுப் பிடித்துவைக்கும் தகட்டுக் கூடு நொறுங்கி, அதன் துண்டு ஒன்று பல்சக்கரங்களுக்கு நடுவே சிக்கியிருந்தது.

இதைக் கவனக்குறைவு என்று மென்மையாகச் சொல்லிக் கடந்துபோக நாம் தயாராக இல்லை. கவனக்குறைவு என்றால் கேள்வி எழாமல் நடந்த பிழை. இங்கே கேள்வி எழுந்தது. சரியான கேள்வி, சரியான நேரத்தில் எழுந்தது. அதை ஒரு மேஸ்திரி வாயடைத்தார். அந்த வாயடைப்பைத்தான் இத்தலையங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் 'எப்படிப் போட்டாலும் சுத்தும்' என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பட்டறைக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

சுற்றும், எத்தனை நாள்?

பேரிங் வட்டமானது. இரண்டு முகமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். அதனால்தான் அந்தச் சொல் பட்டறைகளில் வேர்விட்டிருக்கிறது. சுற்றும் என்பது உண்மையே. எத்தனை நாள் சுற்றும், நிற்கும்போது யாரைக் கீழே தள்ளிவிட்டு நிற்கும் என்பதுதான் கேள்வி.

எங்கள் வண்டியில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். இருபக்கமும் மூடிய பேரிங்கில் ஆலையிலேயே கிரீஸ் அடைத்து அனுப்புவார்கள். ஒருபக்கம் மட்டும் மூடியதில் வழக்கமாக அந்த கிரீஸ் கிடையாது. துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே இருக்கும். இஞ்சினுக்குள் தெறிக்கும் எண்ணெயே அதற்குச் சோறும் தண்ணீரும். திறந்த பக்கம் எண்ணெயைப் பார்த்தால் அது பிழைக்கும். மூடியை எண்ணெய்ப் பக்கம் திருப்பிவிட்டால், குளத்தின் நடுவில் உட்கார்ந்து தாகத்தில் சாகும்.

கிளட்ச் பிடித்தும் ஏன் பயனில்லை என்பதையும் வண்டி ஓட்டுகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிஸ்டன் பிடித்துக்கொண்டால், கிராங்க் பூட்டிக்கொண்டால், கிளட்சைப் பிடித்ததும் இஞ்சின் சக்கரத்திலிருந்து விடுபடும். வண்டி உருண்டு ஓரம் கட்டும். கியர் பாக்ஸின் வெளியேறு தண்டு அப்படியில்லை. கிளட்சுக்குப் பிறகு, சக்கரத்தின் பக்கம் இருக்கிறது அது. முன் ஸ்பிராக்கெட்டும் செயினும் அதைப் பின்சக்கரத்தோடு நேராகக் கட்டியிருக்கின்றன. அது பூட்டிக்கொண்டால் சக்கரமும் பூட்டிக்கொண்டதுதான். சில நூறு ரூபாய்ப் பேரிங் ஒன்றின் முகம் மாறியதற்கு விலை, நெடுஞ்சாலையில் ஒரு மனித உடல்.

திசை என்பது இந்த ஒருவகைப் பேரிங்கோடு முடிவதில்லை. வெளிவளையத்தில் காடி வெட்டி லாக் வளையம் மாட்டிய பேரிங்கை மாற்றிப் போட்டால், அந்த வளையம் கேஸில் தனக்கென்று வெட்டிய பள்ளத்தில் உட்காராது. சில இஞ்சின்களின் கிராங்கில் குண்டுக்குப் பதிலாக உருளை வைத்த பேரிங் வரும். அதன் உள்வளையத்தில் ஒரு பக்கம்தான் விளிம்பு உண்டு. விளிம்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத் தள்ளலை மட்டுமே அது தாங்கும். சாய்தொடுகைப் பேரிங்கும் அப்படித்தான்: ஒரு திசையில் மலையாக நிற்கும், மறுதிசையில் தள்ளினால் கழன்று வரும். மெல்லிய தகட்டுக் கூட்டுக்குள் வரும் ஊசி பேரிங்கை எழுத்து பொறித்த முகத்தில்தான் அழுத்த வேண்டும். மறுமுகத்தில் அழுத்தினால் விளிம்பு நசுங்கி ஊசிகள் இறுகும். இந்த ஊசி பேரிங்கை 1965 முதல் நமக்கு அண்டை ஊரான தானேயில் தொடங்கிய என்.ஆர்.பி. நிறுவனம் செய்துவருகிறது. பக்கத்து ஊரில் பிறந்த பொருளை எந்த முகத்தில் அழுத்துவது என்று நம் பட்டறைக்குத் தெரியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டியது யார்?

இரண்டு பக்கமும் உண்மையிலேயே ஒன்றாக இருக்கும் சாதாரண குண்டு பேரிங்கிலும் ஒழுங்கு உண்டு. கம்பெனிப் புத்தகம் வேறுவிதமாகச் சொல்லாதவரை எண் பொறித்த முகம் கண்ணுக்குத் தெரியும் பக்கம் இருக்க வேண்டும். அடுத்த முறை இஞ்சினைப் பிரிக்கும் கைக்கு, கழற்றாமலே எண்ணைப் படிக்க வழி வைத்துவிட்டுப் போவது அது. பின்னால் வரும் தொழிலாளிக்கு முன்னால் போனவன் செய்யும் மரியாதை.

பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறியை நம் மெக்கானிக் யாரும் மறப்பதில்லை. ஆயில் சீலின் ஸ்பிரிங் பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். மாற்றிப் போட்டால் மறுநாளே கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். பேரிங் உடனே காட்டிக்கொடுப்பதில்லை. வாடிக்கையாளர் பணம் கொடுத்துவிட்டுப் போனபிறகு, பல நூறு கிலோமீட்டர் ஓடியபிறகு, வேறொரு சாலையில்தான் காட்டிக்கொடுக்கிறது. பட்டறையின் பெயர் அங்கே அடிபடுவதில்லை. இந்த வசதிதான் அலட்சியத்தை வளர்த்திருக்கிறது.

சுத்தியலைக் கீழே வையுங்கள்

திசையைச் சரியாகப் பார்த்தவர்களும் அடுத்த நொடி சுத்தியலைத் தூக்குகிறார்கள். 6205 என்ற பேரிங் நம் சந்தைகளில் சாதாரணமாகக் கிடைப்பது. உள்துளை 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. உள்ளே ஒன்பது குண்டுகள். 'சி3' என்று பின்னொட்டு இருந்தால், உள்ளே குண்டுக்கும் தடத்துக்கும் நடுவிலான விளையாட்டு 13 முதல் 28 மைக்ரான். பின்னொட்டு இல்லாததில் 5 முதல் 20 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியைவிட மெல்லிய இந்த இடைவெளிக்குள்தான் நொடிக்கு நூறு சுற்றுக்குமேல் சுழலும் ஒரு தண்டின் வாழ்வு இருக்கிறது. அதன்மேல் நாம் இறக்குவது அரைக் கிலோ சுத்தியலை.

கேஸுக்குள் இறக்கும்போது விசை வெளிவளையத்தில் விழ வேண்டும். தண்டின்மேல் ஏற்றும்போது உள்வளையத்தில் விழ வேண்டும். இதை மாற்றிச் செய்தால், அடித்த அடி முழுக்கக் குண்டுகள் வழியாகவே மறுவளையத்துக்குப் போகும். ஒவ்வொரு குண்டும் தான் நின்ற இடத்தில் தடத்தைக் குழித்துவிடும். குழி கண்ணுக்குத் தெரியாது. ஓட ஆரம்பித்ததும் காதுக்குத் தெரியும். "புதுப் பேரிங்தான் போட்டோம், சத்தம் போகலையே" என்று கையை விரிக்கும் பட்டறைகள், அந்தச் சத்தம் தங்கள் சுத்தியலின் சத்தம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஸ்வீடனில் 1907-இல் தொடங்கி உலகெங்கும் பேரிங் விற்கும் எஸ்.கே.எஃப். நிறுவனம் தன் பராமரிப்புக் கையேட்டில் ஒரு கணக்குத் தருகிறது. ஆயுள் முடியுமுன் சாகும் பேரிங்குகளில் சுமார் 16 சதவீதம் தவறாகப் பொருத்தியதால் சாகின்றன. 36 சதவீதம் மசகுக் குறையால். 14 சதவீதம் உள்ளே புகுந்த அழுக்கால். மூன்றையும் கூட்டினால் மூன்றில் இரண்டு பங்கு. பொருத்துவது, எண்ணெய் சேரவிடுவது, துடைத்துச் சுத்தமாக வைப்பது ஆகிய மூன்றும் பட்டறைக் கையின் வேலை. "இப்ப வர்ற பேரிங்கே சரியில்ல" என்று கம்பெனியைத் திட்டுமுன் நம் கையைப் பார்ப்போம்.

சரியாகச் செய்ய லட்ச ரூபாய் இயந்திரம் வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டாம். எங்கள் வண்டியைச் சரிசெய்த மாட்டுங்கா மெக்கானிக் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். கேஸை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, மின்சார அடுப்புத் தட்டின்மேல் வைத்தார். முந்தின இரவே புதுப் பேரிங்கை, பிரிக்காத உறையோடு, வீட்டுக் குளிர்பெட்டியின் பனி அறையில் வைத்திருந்தார். சிறிது நேரம் கழித்து விரலைத் தண்ணீரில் நனைத்து, தோசைக்கல்லில் தெளிப்பதுபோல கேஸின்மேல் தெளித்தார். 'சுர்' என்றது. பேரிங்கை உறையிலிருந்து எடுத்து, முகத்தைப் பார்த்து, நிமிர்த்திப் பிடித்துத் துளைக்குள் விட்டார். 'டொக்' என்று ஒரு சத்தம். தானாகப் போய் அடியில் உட்கார்ந்துவிட்டது. ஓர் அடிகூட விழவில்லை.

மந்திரம் ஏதுமில்லை. அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் 52 மில்லிமீட்டர் துளை சுமார் 0.08 மில்லிமீட்டர் அகலும். பேரிங்கை இறுக்கிப் பிடிப்பதோ சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான். சூடு ஆறியதும் கேஸ் தானே கவ்விக்கொள்ளும். கேஸைத்தான் சூடாக்க வேண்டும். பேரிங்கைத் தண்டில் ஏற்றுவதற்காகச் சூடாக்க நேர்ந்தாலும் 120 டிகிரியைத் தாண்டக் கூடாது, நேரடித் தீச்சுடரைக் காட்டவே கூடாது. ஓர் அடுப்பு, ஒரு குளிர்பெட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர், பத்து நிமிடப் பொறுமை: சுத்தியலுக்கு மாற்று இவ்வளவுதான்.

அதே மாட்டுங்காவில், தண்டவாளத்தை ஒட்டி, 1915-இல் தொடங்கிய ரயில்வே பணிமனை நிற்கிறது. நம் பாட்டன்மார் பலருக்குச் சோறுபோட்ட இடம். ரயில் பெட்டிகளின் அச்சில் ஏறும் பேரிங்குகளை அளந்து, சூடேற்றி, எண்ணைக் குறித்துவைத்து ஏற்றுவது ரயில்வேயின் நடைமுறை. அச்சு சூடேறினால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் யாரும் 'எப்படிப் போட்டாலும் சுத்தும்' என்பதில்லை. ரயிலில் ஆயிரம் உயிர், பைக்கில் ஒன்றிரண்டு உயிர் என்ற கணக்கில் ஒழுங்கைத் தளர்த்த நமக்கு யார் உரிமை கொடுத்தது?

அம்புக்குறியையும் மீறியவர்கள்

எங்கள் பட்டறைப் பையன்களைப் படிக்காதவர்கள் என்று இளக்காரம் செய்ய இதை எழுதவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் நடுவிலும் இது நடந்திருக்கிறது. 2013 ஜூலை 2 அன்று பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து கிளம்பிய ரஷ்யாவின் புரோட்டான் ராக்கெட், மூன்று வழிகாட்டிச் செயற்கைக்கோள்களோடு அரை நிமிடத்தில் தலைகீழாகத் திரும்பித் தரையில் விழுந்து வெடித்தது. விசாரணையில் தெரிந்தது: கோணத் திசைவேகத்தை உணரும் கருவிகளில் சிலவற்றைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள். எந்தப் பக்கம் மேலே என்று காட்டக் கருவியிலேயே அம்புக்குறி இருந்தது. எளிதில் மாற்றிப் பொருத்த முடியாத அமைப்பும் இருந்தது. பலவந்தமாக அழுத்தி உட்காரவைத்த தடம் அதில் பதிந்திருந்தது.

அங்கும் பொருள் தன் திசையைச் சொல்லியது, கைதான் கேட்கவில்லை. தானாக உட்காராத பொருள் எதுவும் நம்மிடம் ஏதோ சொல்கிறது என்றே பொருள். அதைக் கேட்காமல் இன்னும் பலமாக அடிப்பவனைத் தொழிலாளி என்று நாம் அழைப்பதில்லை.

சாக்குகள் செல்லாது

நாம் எழுதப்போவது தெரிந்ததும் பட்டறைக்காரர்கள் சிலர் தங்கள் நியாயத்தைச் சொன்னார்கள். கேட்டோம். பதிலும் சொல்கிறோம்.

"வாடிக்கையாளர் சாயங்காலமே வண்டி வேணும்னு நிக்கிறார்." உண்மை. காலையில் தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரம் கட்டிக்கொண்டு கிளம்பும் அண்ணனுக்கும், உணவுப் பொட்டலம் சுமக்கும் தம்பிக்கும் வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய அடுப்பு எரியாது. அதற்காகத்தான் சொல்கிறோம்: இன்று மிச்சம்பிடித்த ஒரு மணி நேரம், அடுத்த மாதம் அவருடைய ஒரு வாரத்தைத் தின்கிறது. ஃபுல் இஞ்சினுக்கு இரண்டு நாள் ஆகும் என்றால் இரண்டு நாள் ஆகும் என்று சொல்லுங்கள். டாக்டர் தையல் போட்டால் காத்திருப்பவர்கள்தான் நம் மக்கள். காரணம் சொன்னால் காத்திருப்பார்கள்.

"முப்பது வருஷக் கை. எங்களுக்குத் தெரியாததா?" முப்பது வருட அனுபவத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் ஒரே தவற்றை முப்பது வருடம் செய்வதற்கு அனுபவம் என்று பெயரில்லை. உங்கள் கை தொழில் பழகிய காலத்து வண்டியும் இன்றைய வண்டியும் உள்ளே ஒன்றல்ல. பேலன்ஸர் தண்டு வந்துவிட்டது, ஒருபக்க மூடி பேரிங் வந்துவிட்டது. ஒவ்வொரு மாடலுக்கும் அதன் புத்தகமே சட்டம்.

"அந்தப் புத்தகத்தை எங்களுக்கு யார் தர்றா?" இந்தக் கேள்வியில் மட்டும் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு. அவர்களையும் விடப்போவதில்லை.

நாம் கோருவது

முதலில் பட்டறை உரிமையாளர்களிடம். உங்கள் கையில் இருக்கும் போனே போதும். பேரிங்கைக் கழற்றுமுன் ஒரு படம், புதியதைப் பொருத்தியபின் ஒரு படம்: எழுத்து எந்தப் பக்கம், மூடி எந்தப் பக்கம் என்று தெரியும்படி. இரண்டையும் வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். ரசீதில் 'இஞ்சின் வேலை' என்று மொட்டையாக எழுதாமல் பேரிங்கின் கம்பெனி, எண், பின்னொட்டு மூன்றையும் எழுதுங்கள். பழைய பேரிங்கை வாடிக்கையாளரிடமே கொடுங்கள். கேஸ் சூடாக்க ஒரு அடுப்பு, பேரிங் இறக்க அளவான குழாய்க் கட்டை, கழற்ற புல்லர் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் இஞ்சினைப் பிரிக்காதீர்கள். கிராங்கின் முனையைச் சுத்தியலால் தட்டி கேஸைப் பிரிக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்; அழுத்திச் சேர்த்த கிராங்க் அந்த அடியில் கோணிக்கொள்ளும்.

அடுத்து ஸ்பேர் கடைக்காரர்களிடம். நாக்தேவி தெருவிலும் குர்லா சி.எஸ்.டி. சாலையிலும் பேரிங் வாங்காத பட்டறை மும்பையில் குறைவு. 'சி3' கேட்டு வருபவனுக்கு, "எண் ஒண்ணுதானே" என்று பின்னொட்டில்லாததைத் தள்ளாதீர்கள். இஞ்சின் சூடேறும்போது உள்வளையம் விரிந்து அந்த இடைவெளியைத் தின்றுவிடும். குறைந்த இடைவெளி உள்ளது இறுகிப்போகும். உறை பிரித்த பேரிங்கைத் தூசியில் அடுக்கி வைக்காதீர்கள். பெரிய கம்பெனிப் பெயரைப் பொறித்த போலியை, போலி என்று தெரிந்தே விற்பவரை வியாபாரி என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை. பெட்டி அசலா என்று போனிலேயே சரிபார்க்க எஸ்.கே.எஃப். ஒரு செயலி வைத்திருக்கிறது. வாங்குபவர்கள் அதைப் பயன்படுத்தட்டும்.

மூன்றாவதாக மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளர்களிடம். ஷோரூம் விளம்பரத்தை ஏழெட்டு மொழிகளில் அச்சிடுகிறீர்கள். எந்த பேரிங் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லும் ஒரு பக்கப் படத்தைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் அச்சிட்டுப் பொதுவில் வைக்க என்ன தடை? பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் நலத்துறை 2022 டிசம்பரில் இணையவாசல் ஒன்றைத் திறந்தது. வாகனத் துறையும் அதற்குள் வருகிறது. ஆனால் 90 அடிச் சாலையில் எண்ணெய்க் கையோடு நிற்கும் பையனுக்கு அந்த வாசல் இன்னும் திறக்கவில்லை. ஸ்பேர் பெட்டியிலேயே ஒரு படமும் ஒரு அம்புக்குறியும் அச்சிடுங்கள். அச்சுச் செலவு சில பைசா.

நான்காவதாக அரசிடமும் திறன் பயிற்சி அமைப்புகளிடமும். பிரதமரின் கௌசல் விகாஸ் திட்டம் 2015-இல் தொடங்கியது. வேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்களின் திறனைச் சோதித்து அங்கீகரிக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. அதைத் தாராவிச் சந்துக்குள் கொண்டுவாருங்கள். பட்டறைகளுக்கு விடுமுறையான நாளில், எங்கள் பள்ளிக்கூடங்களின் வகுப்பறையில், தமிழ் பேசும் பயிற்றுநரோடு, உண்மையான கேஸையும் உண்மையான பேரிங்கையும் மேசைமேல் வைத்து நடத்துங்கள். மேஸ்திரிகளும் பையன்களும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும்.

கடைசியாக வண்டிக்காரர்களாகிய நம்மிடம். பேரம் பேசி நூறு ரூபாய் குறைத்தபோது எதைக் குறைத்தோம் என்று யோசிக்க வேண்டும். ரசீது கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பணம் வாங்கிச் செய்த வேலையில் உள்ள குறை 'சேவைக் குறைபாடு'. இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பட்டறைக்காரரை நீதிமன்றப் படியேற்றுவது நம் ஆசை அல்ல. ஆனால் திருந்த மறுப்பவருக்கு அந்தப் படி இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

கையின் மானம்

தாராவியை இடித்துக் கட்டும் திட்டம் பேசப்படும்போதெல்லாம் இந்த இதழ் ஒரே குரலில் சொல்லிவந்திருக்கிறது: இங்கிருக்கும் தோல் பட்டறைக்கும் பானைச் சூளைக்கும் மெக்கானிக் கடைக்கும் இதே மண்ணில் இடம் வேண்டும். அந்தக் கோரிக்கைக்கு நம்மிடம் உள்ள ஒரே ஆதாரம் நம் கைத்திறன். திருநெல்வேலியிலிருந்து வெறுங்கையோடு ரயிலேறி வந்தவர்கள் அந்தத் திறனை வைத்துத்தான் இந்த நகரத்தில் தலைநிமிர்ந்தார்கள். அந்தக் கைக்குச் 'சுத்தியல் கை' என்று பெயர் வாங்கிக்கொடுப்பவர்கள், தங்கள் பட்டறைக்கு மட்டும் கேடு செய்யவில்லை. ஒரு சமூகத்தின் வாதத்தையே பலவீனப்படுத்துகிறார்கள்.

ஆயுத பூஜையன்று ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சை நறுக்கி, பொரி கடலை படைத்துக் கும்பிடுகிறோம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று பழமொழி சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறோம். இன்றைய மோட்டார் சைக்கிளுக்குப் பேரிங்தான் அச்சாணி. கும்பிட்ட கருவியை அதன் தலையில் போடுவது எந்தப் பூஜையில் சேர்த்தி?

தோள்பட்டைக் கட்டோடு படுத்திருக்கும் எங்கள் தம்பி குணமாகி மீண்டும் வண்டியேறுவார். அந்தத் தாராவிப் பட்டறையும் நாளை காலை கதவைத் திறக்கும். இன்னொரு வண்டியின் கேஸ் பிரியும். அந்தப் பையன் கையில் இன்னொரு பேரிங் இருக்கும். மேஸ்திரிகளே, அவன் மறுபடி கேட்பான். இந்தமுறை சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, பேரிங்கைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டி, எந்தப் பக்கம், ஏன் அந்தப் பக்கம் என்று சொல்லிக்கொடுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, தெரிந்தவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அதில் அவமானம் ஏதுமில்லை.

தம்பி, உனக்கும் ஒரு சொல். நீ கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் வரும்வரை அடிக்காதே.